குளிரைச் சொல்லும் ஆங்கிலச் சொற்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வெளிநாட்டுக்குப் படிக்கவோ வேலைக்கோ போகிறவர்கள், மொழிபெயர்ப்பவர்கள், பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுப்பவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. ஆங்கிலச் சொற்களைத் தமிழ் எழுத்திலேயே தந்திருக்கிறேன். 'சில்', 'சில்லி' என்று வருமிடங்களில் 'பச்சை' என்ற சொல்லில் வரும் ச்ச ஒலியோடு படித்துக்கொள்ளுங்கள்.

கோல்ட், கூல், சில்லி: எத்தனை டிகிரிக்கு எதைச் சொல்வது?

டிகிரிக் கணக்கே கிடையாது. அந்தக் குளிர் சொல்கிறவருக்குப் பிடித்திருக்கிறதா இல்லையா என்பதுதான் முதல் கணக்கு. வெயிலில் நடந்து வந்தவருக்கு மரநிழல் 'கூல்'. 'சில்லி' என்றால் கொஞ்சம்தான் குளிர்கிறது, ஆனாலும் பிடிக்கவில்லை; ஒரு ஸ்வெட்டர் இருந்தால் தேவலை. 'கோல்ட்' என்றால் குளிர், சந்தேகமே இல்லை. ஜன்னல் வழியே வரும் அதே காற்றை ஒருவர் 'கூல் ப்ரீஸ்' என்று ரசிப்பார். பக்கத்தில் இருப்பவர் 'கோல்ட் டிராஃப்ட்' என்று முணுமுணுத்துக்கொண்டே ஜன்னலைச் சாத்துவார்.

சென்னையில் ஜனவரி விடிகாலை 20 டிகிரி என்றால் நமக்கு அது 'சில்லி'. லண்டனில் ஏப்ரல் மாதம் 20 டிகிரி வந்துவிட்டால் சட்டையைக் கழற்றிவிட்டுப் பூங்காப் புல்லில் படுத்திருப்பார்கள். அவர்களுக்கு அது 'வார்ம்'. ஆகவே அகராதியில் அளவு தேடி ஏமாறாதீர்கள்.

மூன்று சொற்களுக்கும் வேர் ஒன்றுதான். லத்தீனில் உறைபனியைக் குறிக்கும் 'கெலு'வும் அதே குடும்பம். ஜெல்லி, ஜெலட்டின், இத்தாலிய ஐஸ்கிரீமான ஜெலாட்டோ எல்லாம் அந்த லத்தீன் கிளையில் வந்தவை.

'மனம் குளிர்ந்தது' என்பதை ஆங்கிலத்தில் எப்படிச் சொல்வது?

'மை ஹார்ட் பிகேம் கோல்ட்' என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். உங்களுக்கு ஈரமே இல்லாமல் போய்விட்டது என்று படிப்பவர் எடுத்துக்கொள்வார். 'இட் வார்ம்ட் மை ஹார்ட்' என்பதுதான் சரி. நமக்கு மனம் குளிர்கிற இடத்தில் அவர்களுக்குச் சூடேறுகிறது.

இங்கே இரண்டு மொழிகளும் நேரெதிர்த் திசையில் நிற்கின்றன. எனக்குத் தெரிந்தவரை இதற்குத் தட்பவெப்பத்தைவிடப் பெரிய காரணம் தேட வேண்டியதில்லை. வருஷத்தில் பாதியைக் குளிரில் கழிக்கும் ஊரில் அடுப்பங்கரைச் சூடுதான் அன்பு. வெயில் கொளுத்தும் ஊரில் நிழலும் நீரும்தான் அன்பு. நாம் கண் குளிரப் பார்க்கிறோம், வயிறு குளிர வாழ்த்துகிறோம், யாராவது புகழ்ந்தால் உச்சி குளிர்ந்துபோகிறோம், ஆடி மாதம் கூழ் ஊற்றி அம்மனைக் குளிர்விக்கிறோம். சங்கப் பாடல்களில் தொடங்கி 'தண்' என்பது பாராட்டுச் சொல்: தண்ணளி, தண்புனல், தண்டமிழ். தண்டமிழை 'கோல்ட் டமில்' என்று ஒருவர் மொழிபெயர்த்தால் தமிழைத் திட்டியது போலத்தான் இருக்கும். அந்த இடத்தில் 'கூல்' ஓரளவு தாங்கும், அதுவும் பாட்டின் நிலத்தையும் நீரையும் பக்கத்தில் காட்டினால்தான்.

இதைவிட அழகான மாட்டல் 'கோல்ட் கம்ஃபர்ட்' என்ற தொடரில் இருக்கிறது. பெயருக்குச் சொன்ன ஆறுதல், ஒன்றுக்கும் உதவாத ஆறுதல் என்று அதற்குப் பொருள். வீடு எரிந்துபோனவரிடம் 'நல்லவேளை, பக்கத்து வீடு தப்பித்தது' என்று சொல்வது கோல்ட் கம்ஃபர்ட். தமிழில் 'ஆறுதல்' என்ற சொல்லே சூடு தணிவதிலிருந்து வந்தது. நமக்குக் குளிர்ந்தால்தான் அது ஆறுதல். அவர்களுக்குக் குளிர்ந்துவிட்டால் அது ஆறுதலே இல்லை.

எதிர்ப்பக்கத்திலும் கவனம் வேண்டும். 'வார்ம் வெல்கம்' அன்பான வரவேற்பு, 'வார்ம் ரிகார்ட்ஸ்' அன்புடன். இவற்றுக்குள் வெப்பத்தைக் கொண்டுவந்து 'வெதுவெதுப்பான வரவேற்பு' என்று எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். அப்படி வரவேற்கப்பட்டவரை நினைத்தால் பாவமாக இருக்கிறது.

இரண்டு மொழிகளும் ஒத்துப்போகும் இடம் பயம். ரத்தம் உறைந்துபோவது இரு பக்கமும் உண்டு: 'மை ப்ளட் ரேன் கோல்ட்'. வெள்ளரிக்காய் விஷயத்திலும் ஒற்றுமை. பதறாத ஆளை 'கூல் ஆஸ் எ க்யூகம்பர்' என்பார்கள். வெள்ளரி குளிர்ச்சி என்பதை நம்மிடம் யாரும் விளக்க வேண்டியதில்லை.

'ஐ ஆம் கோல்ட்', 'இட் இஸ் கோல்ட்', 'ஐ ஹேவ் எ கோல்ட்': மூன்றும் ஒன்றா?

மூன்றும் வேறு வேறு. 'ஐ ஆம் கோல்ட்' என்றால் எனக்குக் குளிர்கிறது. 'இட் இஸ் கோல்ட்' என்றால் வெளியே குளிராக இருக்கிறது, அல்லது தட்டில் இருப்பது ஆறிப்போயிருக்கிறது. 'ஐ ஹேவ் எ கோல்ட்' என்றால் சளி பிடித்திருக்கிறது.

தமிழில் 'எனக்கு' என்று தொடங்குவதால், நம்மவர்கள் ஆங்கிலத்திலும் சுற்றி வளைத்து 'ஃபார் மீ இட் இஸ் கோல்ட்' என்று போவதுண்டு. தேவையில்லை, 'ஐ ஆம் கோல்ட்' போதும். சளிக்கு அந்தச் சின்ன 'எ' கட்டாயம். 'ஐ ஆம் ஹேவிங் கோல்ட்' என்று நம்மூர் அலுவலகங்களில் லீவு கேட்பார்கள். இந்தியாவில் புரிந்துவிடும், வெளியே கொஞ்சம் விழிப்பார்கள். 'கோல்ட்' என்று பேர் இருந்தாலும் சளியைக் கொண்டுவருவது வைரஸ். பெரும்பாலும் ரைனோவைரஸ் வகை.

இன்னொரு எச்சரிக்கை: 'ஹி இஸ் கோல்ட்' என்பதற்கு இரண்டு பொருள். அவருக்குக் குளிர்கிறது என்றும் கொள்ளலாம், அவர் ஒட்டாத ஆள் என்றும் கொள்ளலாம். முதலாவதுதான் உங்கள் பொருள் என்றால் 'ஹி இஸ் ஃபீலிங் கோல்ட்' என்று சொல்லித் தப்பிக்கலாம்.

குளிருக்குப் பெயர்ச்சொல் 'கோல்ட்னஸ்' தானே?

இலக்கணப்படி சரி. ஆனால் வானிலையைப் பற்றிப் பேசும்போது அதை யாரும் அவ்வளவாகப் பயன்படுத்துவதில்லை. 'தி கோல்ட்' என்றே சொல்வார்கள். 'ஐ காண்ட் ஸ்டாண்ட் தி கோல்ட்' என்றால் என்னால் குளிர் தாங்க முடியாது. 'கோல்ட்னஸ்' பெரும்பாலும் மனிதரின் பேச்சிலும் பார்வையிலும் தெரியும் ஒட்டாமைக்குப் போய்விட்டது.

'வெரி ஃப்ரீசிங்' என்று சொல்லலாமா?

வேண்டாம். 'ஃப்ரீசிங்' என்பதிலேயே உச்சம் அடங்கிவிட்டது. அதற்கு மேல் அழுத்தம் வேண்டுமானால் 'அப்சொல்யூட்லி ஃப்ரீசிங்'. 'கோல்ட்' என்பதற்கு முன்னால் 'வெரி' தாராளமாக வரும்.

எந்தச் சொல்லோடு எது சேரும் என்பதில் ஆங்கிலம் பிடிவாதமானது. வானிலை 'பிட்டர்லி கோல்ட்'. குடிக்கும் பியரோ ஜூஸோ 'ஐஸ் கோல்ட்', அது பாராட்டு. ஆறிப்போன சாப்பாடு 'ஸ்டோன் கோல்ட்', அது புகார். இதை மாற்றிப் போட்டால் ஹோட்டலில் சர்வர் குழம்பிப்போவார்.

காபியை ஆற்றுவதும் காபி ஆறிப்போவதும் ஆங்கிலத்தில் எப்படி?

நாம் வைத்திருக்கும் வித்தியாசம் அவர்களிடமும் அப்படியே இருக்கிறது, இரண்டு சொற்களாக. 'லெட் இட் கூல்' என்றால் குடிக்கிற பதத்துக்கு ஆறட்டும். 'டோன்ட் லெட் இட் கெட் கோல்ட்' என்றால் ஆறிப்போக விட்டுவிடாதே. வேண்டி ஆற்றுவது 'கூல்', வேண்டாமல் ஆறிப்போவது 'கோல்ட்'. முதல் கேள்வியில் பார்த்த அதே பிடித்தம், பிடிக்காமை. நுரை பொங்க டபராவில் தூக்கி ஆற்றுவதற்கு மட்டும் அவர்களிடம் சொல் இல்லை. அந்தப் பழக்கமே அவர்களிடம் இல்லையே!

'கூல் டிரிங்ஸ்' சரியான ஆங்கிலமா?

நம்மூர் ஆங்கிலத்தில் சரி. தென்னாப்பிரிக்காவிலும் அந்தச் சொல் உண்டு. பிரிட்டனில் 'ஃபிஸ்ஸி டிரிங்க்', அமெரிக்காவில் ஊருக்கு ஏற்ப 'சோடா' அல்லது 'பாப்'; பொதுவாக எங்கும் புரிவது 'சாஃப்ட் டிரிங்க்'.

பனி என்பதற்கு ஆங்கிலத்தில் எது?

இந்தக் கேள்விக்குத்தான் பதில் நீளம். தமிழில் 'பனி' என்ற ஒரே சொல் புல்லில் நிற்கும் துளிக்கும் வரும், சாலையை மறைக்கும் மூட்டத்துக்கும் வரும், இமயமலையில் கொட்டுவதற்கும் வரும். ஆங்கிலத்தில் ஒவ்வொன்றுக்கும் தனிப் பெயர். மாற்றிச் சொன்னால் பொருளே மாறிவிடும்.

மார்கழி விடிகாலையில் பூவின் மேலும் புல்லின் மேலும் துளியாக நிற்பது 'டியூ'. காற்றில் மிதந்து பார்வையை மறைப்பது 'மிஸ்ட்' அல்லது 'ஃபாக்'. இவற்றுக்கு வானிலைத் துறையினர் ஓர் எல்லை வைத்திருக்கிறார்கள்: ஒரு கிலோமீட்டருக்குக் குறைவாகவே கண்ணுக்குத் தெரிந்தால் ஃபாக், அதற்கு மேல் தெரிந்தால் மிஸ்ட். குளிர்காலத்தில் டெல்லி விமானங்களைத் தாமதமாக்குவது ஃபாக்.

'ஃப்ராஸ்ட்' என்பது உறைபனி. தரையும் இலையும் பூஜ்யம் டிகிரிக்குக் கீழே குளிர்ந்துவிடும்போது, காற்றிலிருக்கும் நீராவி அவற்றின் மேல் வெள்ளைத் தூளாகப் படியும். வானத்திலிருந்து விழுவது 'ஸ்னோ'. இங்கே ஒரு பழைய குறையைச் சொல்லிவிடுகிறேன். ஒவ்வொரு குளிர்காலத்திலும் ஊட்டியில் புல்வெளி வெளுத்துக் கிடக்கும் படத்தைப் போட்டு 'பனிப்பொழிவு' என்று பகிர்வார்கள். ஆங்கிலத்தில் 'ஸ்னோஃபால் இன் ஊட்டி' என்றும் தலைப்பு ஓடும். அங்கே எதுவும் பொழியவில்லை. இரவில் தரை குளிர்ந்து படிந்த ஃப்ராஸ்ட் அது. தமிழ்ப் பத்திரிகைகள் 'உறைபனி' என்று சரியாக எழுதும் நாட்களும் உண்டு. அந்தச் சொல்லை விட்டுவிடாமல் பிடித்துக்கொள்ளலாம்.

நீர் கட்டியாக உறைந்தால் 'ஐஸ்'. இதனால்தான் 'பனிச்சறுக்கு' என்ற நம் சொல் இரண்டு விளையாட்டுகளுக்கு நடுவில் மாட்டிக்கொள்கிறது: மலைச்சரிவில் ஸ்னோ மேல் போவது 'ஸ்கீயிங்', உறைந்த தளத்தில் கத்தி வைத்த காலணியோடு சுற்றுவது 'ஐஸ் ஸ்கேட்டிங்'. கடலில் மிதக்கும் பனிப்பாறை 'ஐஸ்பெர்க்'. மலையிலிருந்து மெல்ல நகர்ந்து இறங்கும் பனியாறு 'கிளேசியர்'.

'ஸ்லீட்' என்ற சொல்லில் பிரிட்டனும் அமெரிக்காவும் ஒத்துப்போவதில்லை. பிரிட்டனில் மழையும் ஸ்னோவும் கலந்து விழுவது ஸ்லீட். அமெரிக்க வானிலை அறிக்கையில் மழைத்துளி வழியிலேயே உறைந்து சின்னச் சின்ன மணிகளாக விழுவது ஸ்லீட். இடியோடு வரும் ஆலங்கட்டி இரண்டிலும் சேராது, அது 'ஹெய்ல்'.

வண்டி ஓட்டுகிறவர்கள் ஒரு சொல்லைக் கட்டாயம் தெரிந்துவைத்திருக்க வேண்டும்: 'பிளாக் ஐஸ்'. அது கறுப்பு நிறப் பனி அல்ல. கண்ணாடி மாதிரி மெல்லிய படலமாகச் சாலையில் உறைந்திருப்பதால் அடியிலிருக்கும் தாரின் கறுப்பு தெரிகிறது. ஈரமான சாலை என்று நினைத்து பிரேக் போட்டால் வண்டி நிற்காது.

இங்கிலாந்துக்காரர்கள் பேச்சில் கோல்ட் என்று சொல்லவே மாட்டேன் என்கிறார்களே?

சொல்வார்கள். ஆனால் வானிலை அவர்களுக்குப் பொழுதுபோக்கு. ஒரே சொல் போதாது. 'இட்ஸ் எ பிட் நிப்பி' என்பது அதிகம் காதில் விழும். கிள்ளுகிற குளிர். 'பார்க்கி' என்றாலும் அதேதான். 'எ பிட் ஃப்ரெஷ்' என்று ஒருவர் சிரித்துக்கொண்டே சொன்னால் நல்ல குளிர் என்று எடுத்துக்கொள்ளுங்கள். குறைத்துச் சொல்வது அவர்கள் வழக்கம். 'பெரிஷிங்' என்றால் செத்துப்போகிற குளிர்.

ஸ்காட்லாந்திலும் அயர்லாந்திலும் 'இட்ஸ் பால்ட்டிக்' என்பார்கள், பால்டிக் கடலை நினைத்து. காற்று வெட்டுகிற மாதிரி வீசினால் ஸ்காட்லாந்தில் அது 'ஸ்னெல்'. யார்க்‌ஷயரில் குளிரில் விறைத்துப்போனவர் 'ஐ ஆம் நித்தர்ட்' என்பார். இங்கிலாந்தின் நடுப்பகுதியிலும் வடக்கிலும் 'நெஷ்' என்று ஒரு சொல் உண்டு: கொஞ்சம் குளிர்ந்தாலே தாங்காதவர். நம்மவர்கள் அங்கே போய் அக்டோபரிலேயே குல்லாய் மாட்டினால் இந்தப் பட்டம் கிடைக்கும். வாங்கிக்கொள்ளுங்கள், கேலிதான், வசை இல்லை.

'பிராஸ் மங்கீஸ்' என்றும் கேட்கலாம். பித்தளைக் குரங்கின் உடலுறுப்பு உறைந்து விழும் அளவுக்குக் குளிர் என்ற கொச்சையான தொடரின் சுருக்கம் அது. நண்பர்களுக்குள் சரி, மேலாளரிடம் வேண்டாம். கப்பலில் பீரங்கிக் குண்டு அடுக்கும் பித்தளைத் தட்டிலிருந்து வந்தது என்று சுற்றும் கதைக்கு ஆதாரம் இல்லை.

ஆங்கிலத்தில் குளிர் கடிக்கும், கிள்ளும். 'பைட்டிங்', 'நிப்பி' எல்லாம் அப்படித்தான். கசப்பு என்று நாம் மொழிபெயர்க்கும் 'பிட்டர்' கூட 'பைட்' என்ற கடியோடு உறவுள்ள சொல். புதுப் பழக்கமும் அல்ல: ஷேக்ஸ்பியரின் ஹாம்லெட் நாடகத்தின் முதல் காட்சியிலேயே காவல்காரன் 'பிட்டர் கோல்ட்' என்கிறான்; அதே அங்கத்தில் பிறகு காற்று கடிப்பதும் கிள்ளுவதும் வருகிறது.

பிடித்த குளிருக்கும் சொற்கள் உண்டு. வானம் தெளிந்து, வெயிலும் அடித்து, காற்று சில்லென்றிருக்கும் காலை 'கிரிஸ்ப்'. கடற்கரையில் நடந்து உடம்புக்குத் தெம்பேற்றும் குளிர் 'ப்ரேசிங்'. தங்கும் விடுதி விளம்பரத்தில் 'ப்ரேசிங்' என்று பார்த்தால் ஒரு கம்பளியைக் கூடுதலாக எடுத்துப்போவது புத்திசாலித்தனம்.

அமெரிக்கர் 'பிலோ ஸீரோ' என்றால் எவ்வளவு?

கவனமாகக் கேட்க வேண்டிய இடம். அங்கே வானிலை ஃபாரன்ஹீட்டில் நடக்கிறது. பூஜ்யம் ஃபாரன்ஹீட் நம் கணக்கில் ஏறக்குறைய மைனஸ் 18 செல்சியஸ். நீர் உறைவது 32 ஃபாரன்ஹீட்டில். ஆகவே 'பிலோ ஃப்ரீசிங்' என்றால் நமது பூஜ்யத்துக்குக் கீழே, 'பிலோ ஸீரோ' என்றால் அதைவிட எவ்வளவோ கீழே. லண்டன்காரர் 'பிலோ ஸீரோ' என்றால் செல்சியஸ். மைனஸ் 40-க்கு வந்துவிட்டால் எந்த அளவு என்று கேட்கவே வேண்டாம். இரண்டும் அங்கே சந்தித்துக்கொள்கின்றன.

'விண்ட் சில்' என்றால் காற்றின் வெப்பநிலையா?

இல்லை. காற்று வீசும்போது தோலிலிருந்து சூடு எவ்வளவு வேகமாகப் போகிறது என்பதைச் சொல்லும் கணக்கு. பால் சைப்பிள், சார்ல்ஸ் பேசெல் என்ற இரு அமெரிக்கர்கள் அண்டார்க்டிக்காவில் சிறு குடுவையில் நீரை வைத்து, எவ்வளவு காற்றுக்கு எவ்வளவு சீக்கிரம் உறைகிறது என்று பார்த்ததில் தொடங்கியது. இப்போது அமெரிக்காவும் கனடாவும் பயன்படுத்தும் சூத்திரம் 2001-இல் வந்தது. அதன்படி மைனஸ் 20 டிகிரியில் மணிக்கு 30 கிலோமீட்டர் காற்று அடித்தால் மைனஸ் 33 போல உறைக்கும். டொராண்டோவில் இருக்கும் சொந்தக்காரர்கள் 'இன்னைக்கு மைனஸ் முப்பது' என்று போனில் சொன்னால், அது தெர்மாமீட்டரா விண்ட் சில்லா என்று கேட்டுக்கொள்ளுங்கள். விண்ட் சில் எவ்வளவு கீழே போனாலும், காற்றின் வெப்பநிலை பூஜ்யத்துக்கு மேலே இருக்கும்வரை வாளித் தண்ணீர் உறையாது.

செய்தியில் வரும் 'கோல்ட் வேவ்' சும்மா ஒரு பேச்சுக்கா?

நம் நாட்டில் அதற்கு வரையறை இருக்கிறது. சமவெளியில் குறைந்தபட்ச வெப்பநிலை 10 டிகிரி அல்லது அதற்குக் கீழே போய், அந்த நாளுக்குரிய இயல்பைவிட 4.5 டிகிரியாவது குறைந்தால் இந்திய வானிலை ஆய்வுத் துறை குளிர் அலை என்று அறிவிக்கும். 4 டிகிரி அல்லது அதற்குக் கீழே போய்விட்டால் இயல்பைப் பார்ப்பதில்லை, நேராகக் குளிர் அலைதான். 'கோல்ட் ஸ்னாப்' என்பது இப்படி அளந்த சொல் அல்ல. திடீரென்று வந்து சில நாளில் போய்விடும் குளிர்.

மருந்துப் பெட்டியில் 'ஸ்டோர் இன் எ கூல் பிளேஸ்' என்றால் ஃப்ரிட்ஜிலா?

கட்டாயமில்லை. இந்திய மருந்தியல் தர நூலில் 'கூல்' என்பது 8 முதல் 25 டிகிரி வரை. 'கோல்ட்' என்பது 8 டிகிரிக்கு மேல் போகாத இடம், வழக்கமாக 2 முதல் 8 வரை, அதுதான் ஃப்ரிட்ஜ். நம் கோடையில் 25 டிகிரி உள்ள அலமாரி எந்த வீட்டில் இருக்கிறது என்று கேட்டால் நியாயமான கேள்விதான். வேறு குறிப்பு எதுவும் இல்லாவிட்டால் 'கூல்' மருந்தை ஃப்ரிட்ஜில் வைக்கலாம் என்று அந்த நூலே அனுமதிக்கிறது.

ஆனால் 'டூ நாட் ஃப்ரீஸ்' என்று போட்டிருந்தால் அதை மீறக் கூடாது. திறக்காத இன்சுலினை 2 முதல் 8 டிகிரியில் வைக்க வேண்டும். ஒருமுறை உறைந்துவிட்டால் உருக்கிப் போட்டுக்கொள்ளக் கூடாது, தூக்கிப்போட வேண்டும். ஃப்ரீசர் பெட்டியை ஒட்டி வைப்பதால் வரும் வினை இது. தடுப்பூசிகளிலும் இதே கதை: வாய்வழி போலியோ சொட்டு மருந்தைச் சேமிப்புக் கிடங்கில் மைனஸ் 20 டிகிரியில் வைப்பார்கள், ஹெபடைட்டிஸ் பி ஊசியோ உறைந்தால் வீண்.

உணவுப் பொட்டலத்தில் 'சில்ட்' என்றால் குளிரூட்டியது, சில நாளில் சாப்பிட வேண்டியது. 'ஃப்ரோசன்' என்றால் மைனஸ் 18 டிகிரியில் உறைய வைத்தது.

டாக்டரிடம் பேசும்போது குளிர் தொடர்பான சொற்கள் என்னென்ன?

காய்ச்சலோடு உடம்பு உதறுவது 'சில்ஸ்', எப்போதும் பன்மையில். 'ஃபீவர் வித் சில்ஸ்' என்றால் குளிர் ஜுரம். மலேரியாவுக்கு அது பெயர் போன அடையாளம். பயத்திலோ நெஞ்சுவலியிலோ உடம்பு சில்லிட்டு வியர்ப்பது 'கோல்ட் ஸ்வெட்'. உதட்டோரம் வரும் கொப்புளத்தை 'கோல்ட் சோர்' என்பார்கள். பெயரில் கோல்ட் இருந்தாலும் அது ஹெர்பிஸ் வைரஸ் வேலை.

பிரிட்டனுக்குப் புதிதாகப் போனவர்களுக்கு முதல் குளிர்காலத்தில் கால்விரல் சிவந்து, வீங்கி, அரித்தால் பெரும்பாலும் அது 'சில்ப்ளெயின்'. உறையும் அளவு குளிர் தேவையில்லை. ஈரக்குளிரில் இருந்துவிட்டுக் காலை நேராக ஹீட்டர் முன் நீட்டினாலே போதும். 'ஃப்ராஸ்ட்பைட்' அதைவிடப் பயங்கரம், சதையே உறைந்துபோவது. உடம்பின் உள்வெப்பம் 35 டிகிரிக்குக் கீழே இறங்குவது 'ஹைப்போதெர்மியா'. இதை மூன்றாவதாகச் சொன்னாலும் இது ஆளைக் கொல்லக்கூடியது.

ஒருவரை 'கூல்' என்றால் புகழ்ச்சியா, குறையா?

பக்கத்தில் வரும் சின்னச் சொல்லைப் பாருங்கள். 'ஷி இஸ் கூல் வித் இட்' என்றால் அவருக்குச் சம்மதம். 'ஷி வாஸ் கூல் டுவர்ட்ஸ் மீ' என்றால் என்னிடம் முகம் கொடுக்கவில்லை. 'கூல் ரிசெப்ஷன்' என்பதை 'ஜாலியான வரவேற்பு' என்று மொழிபெயர்த்துவிட்டால் கதை தலைகீழாகிவிடும்.

முகம் கொடுக்காமையில் படிகள் உண்டு. 'கூல்' என்றால் ஆர்வமில்லை. 'சில்லி' என்றால் விருப்பமில்லாதது வெளியே தெரிகிறது. 'ஃப்ராஸ்ட்டி' என்றால் கோபம் மரியாதைக்குள் உட்கார்ந்திருக்கிறது. 'ஐசி' என்றால் அந்த மரியாதையும் கத்தி மாதிரி இருக்கிறது. 'கோல்ட்' மட்டும் தனி: மற்றவை அந்த நேரத்து நடத்தை, கோல்ட் ஆளின் குணம். 'ஃப்ரிஜிட்' என்ற சொல்லை வானிலைக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். பெண்களைப் பற்றிச் சொன்னால் அது பாலியல் வசை.

'அருமை' என்ற பொருளில் வரும் கூல் 1940களில் அமெரிக்கக் கறுப்பின ஜாஸ் இசைக்கலைஞர்கள் வழியே பரவியது. பதறாதவன் கூல், பதறாமல் வாசிப்பது கூல், அப்புறம் பிடித்ததெல்லாம் கூல். பதறாமை என்ற பொருள் மட்டும் அதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே ஆங்கிலத்தில் இருந்தது.

'சில்' பண்ணுவதும் 'சில்லிங்' என்பதும் ஒன்றா?

'சில்' பண்ணுவது ஓய்வாக இருப்பது. 'ஐ ஆம் சில்லிங்' என்றால் சும்மா இருக்கிறேன். 'எ சில்லிங் ஸ்டோரி' என்றால் குலைநடுங்க வைக்கும் கதை. இரண்டு பொருளும் ஒரே வடிவத்தில் நடமாடுகின்றன. சட்டத்திலும் ஒன்று உண்டு: 'சில்லிங் எஃபெக்ட்'. தண்டனைக்குப் பயந்து, சட்டப்படி சொல்லக்கூடியதைக்கூட மக்கள் சொல்லாமல் வாயை மூடிக்கொள்வது. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவை உச்ச நீதிமன்றம் 2015-இல் ரத்து செய்தபோது அந்தத் தீர்ப்பில் இந்தத் தொடர் பேசப்பட்டது. 'குளிர்விக்கும் விளைவு' என்று எழுதினால் நமக்கு அது நல்ல செய்தியாகத் தோன்றிவிடும். 'வாயடைக்கும் அச்சம்' என்பது போல எழுதுவதே மேல்.

'கோல்ட்' சேர்ந்த மரபுத்தொடர்களில் எவற்றைத் தெரிந்துகொள்ள வேண்டும்?

பத்திரிகை படிக்க இவை போதும். ஒப்புக்கொண்ட காரியத்துக்கு முன் கடைசி நேரத்தில் தயங்குவது 'கோல்ட் ஃபீட்'. கல்யாணத்துக்கு முந்தின நாள் வருவதாகத்தான் அதிகம் எழுதுவார்கள். தெரிந்தவரைத் தெரியாத மாதிரி நடத்துவது 'கோல்ட் ஷோல்டர்'. வேண்டாத விருந்தாளிக்கு ஆறிப்போன ஆட்டுத் தோள்கறி வைத்ததால் வந்தது என்ற கதை நம்பத்தக்கதல்ல. குடியையோ சிகரெட்டையோ ஒரேயடியாக நிறுத்துவது 'கோல்ட் டர்க்கி'. அறிமுகமே இல்லாதவருக்கு போன் போட்டு விற்பது 'கோல்ட் கால்', நமக்கெல்லாம் தினமும் வருகிறதே அதுதான். துப்பு கிடைக்காமல் கிடப்பில் போன வழக்கு 'கோல்ட் கேஸ்'.

'ப்ளோ ஹாட் அண்ட் கோல்ட்' ஈசாப் கதையிலிருந்து வந்தது. ஒருவன் கையைச் சூடாக்கவும் ஊதுகிறான், கஞ்சியை ஆற்றவும் ஊதுகிறான். இரண்டையும் ஒரே வாயால் செய்கிறவனோடு சகவாசமே வேண்டாம் என்று வனதேவன் விலகிவிடுகிறான். ஒருநாள் ஒரு பேச்சு பேசும் ஆளுக்கு இந்தத் தொடர்.

'இன் கோல்ட் ப்ளட்' என்றால் ஆத்திரத்தில் இல்லாமல், நிதானமாக, ஈவிரக்கமின்றிச் செய்த கொலை. 'கோல்ட் ப்ளடட்' பிராணி வேறு விஷயம். வெயில் காயும் ஓணானின் ரத்தம் நன்றாகவே சூடாக இருக்கும். சூழலின் வெப்பத்தைச் சார்ந்திருப்பது என்பதுதான் பொருள். 'கோல்ட் வார்' என்பதை ஜார்ஜ் ஆர்வெல் 1945-இல் ஒரு கட்டுரையில் பயன்படுத்தினார். தமிழில் 'பனிப்போர்' என்று வந்து, கட்சிக்குள் இரு கோஷ்டி பேசிக்கொள்ளாததற்கும் மாமியார் மருமகளுக்கும்கூட அது பொருந்திவிட்டது.

குளிர் சில்லிக்கும் மிளகாய் சில்லிக்கும் எழுத்து ஒன்றா?

இல்லை. குளிருக்குக் கடைசி எழுத்து ஒய். மிளகாய்க்கு பிரிட்டனிலும் இந்தியாவிலும் ஐ, அமெரிக்காவிலும் பெரும்பாலும் ஐதான், நடுவில் எல் மட்டும் ஒன்று. மிளகாயின் பெயர் மெக்சிகோவின் நாவாட்ல் மொழியிலிருந்து வந்தது. இரண்டுக்கும் உறவே கிடையாது. சாலையோரக் கடைகளில் 'சில்லி சிக்கன்' என்பதை ஒய் போட்டு எழுதியிருப்பார்கள். குளிரில் நடுங்கும் கோழி!

'ரெஃப்ரிஜிரேட்டர்' எழுதும்போது டி இல்லை, 'ஃப்ரிட்ஜ்' எழுதும்போது மட்டும் டி எங்கிருந்து வந்தது?

உச்சரிப்புக்காக. நீளச் சொல்லில் ஜிக்குப் பின்னால் உயிரெழுத்து இருப்பதால் ஜ ஒலி தானாக வந்துவிடும். சுருக்கும்போது 'பிரிட்ஜ்' போன்ற சொற்களைப் பார்த்து டி சேர்த்துக்கொண்டார்கள். நீளச் சொல்லின் நடுவில் இருப்பது 'ஃப்ரிஜிட்' என்ற சொல்லைத் தந்த அதே லத்தீன் வேர். ஃப்ரிஜிடேர் என்ற அமெரிக்கக் கம்பெனிப் பெயரும் அதிலிருந்து எடுத்ததுதான். தேர்வில் 'ரெஃப்ரிட்ஜிரேட்டர்' என்று டி போட்டு எழுதினால் மதிப்பெண் போகும்.